நாலு புள்ளி இரண்டு

எந்தத் திருகையும் தொடவில்லை.
ஆசிலேட்டர் போர்டைக் கழற்றி மேசையில் வைத்தாகிவிட்டது.
அப்படியும் ம்ம்ம் என்கிறது ஸ்பீக்கர்,
கடனைக் கேட்டால் பதில் சொல்லாத ஆள்போல.

பகலில் தறி மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற கை.
ராத்திரி அதே கை
எட்டுக்கால் சிப்புகளுக்கு ஈயம் வைக்கிறது.
மோட்டார்கள் கருகிய பின்தான் என் கடைக்கு வரும்.
இது கருகவுமில்லை, சும்மா இருக்கவுமில்லை.

நூறு ஹெர்ட்ஸ் என்றால் கன்டென்சர் செத்திருக்கும்.
காதை ஒட்டிக் கேட்டேன்.
ஐம்பது.
இந்தப் பக்கத்து மோட்டார்கள் எல்லாம்
ஓடுகிற கரண்டின் ஐம்பது.

தப்பு என்னுடையதாகத்தான் இருக்கும் என்று தொடங்கினேன்.
இருந்தது.
ஏழு போர்டின் கிரவுண்டையும்
ஒன்றன் வாலில் ஒன்றாகக் கட்டியிருந்தேன்,
பந்தியில் ஒரே சொம்பு கைமாறுவதுபோல.
கடைசி இலைக்கு வரும்போது
எல்லார் எச்சிலும் அதில்.
சிவப்பு எல்.இ.டி. சிமிட்டும்போதெல்லாம்
ஸ்பீக்கரில் ஒரு டிக்.
அவிழ்த்தேன்.
ஒவ்வொன்றுக்கும் தனி ஒயர்,
எல்லாம் ஒரே பித்தளை போல்ட்டில்.
டிக் போயிற்று.

ம்ம்ம்.

ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபையரும் தேசப்பனுடையவை.
சந்துக்கு அந்தப் பக்கம் அவன் மைக்செட் கொட்டகை.
நடுவில் எல்லைக் கல், நாய்க்கு மட்டும் பயன்படுவது.
என் மீட்டர் தமிழ்நாடு, அவன் மீட்டர் ஆந்திரா.
முப்பது மீட்டர் ஷீல்டு ஒயர்
நகரி ரோட்டுச் செக்போஸ்ட்டுக்குத் தெரியாமல்
கல்லைத் தாண்டிப் போகிறது.

மல்டிமீட்டரின் கறுப்பு முனை என் எர்த்தில்.
சிவப்பு, அவன் சேசிஸில்.
நாலு புள்ளி இரண்டு வோல்ட். ஏ.சி.

"பூஜ்யம்தானே வரணும்? ரெண்டும் பூமிதானேரா?"
"உன் பூஜ்யம் வேற, என் பூஜ்யம் வேற."
"மண்டல் ஆபீஸ்லயும் இதையேதான் சொன்னாங்க,
ரேஷன் கார்டுக்கு."

அவன் எர்த்துக் குழியில் உப்பும் கரியும்
சித்திரை வெயிலில் வறண்டு கிடந்தன.
ரெண்டு குடம் ஊற்றினான்.
ரெண்டு புள்ளி ஒன்பது.
மறுநாள் மத்தியானம் மறுபடி நாலு.

"ப்ளக்கோட மூணாவது காலை ஒடிச்சிடு, சத்தம் நின்னுடும்."
நின்றுவிடும்தான்.
யதிராஜுலு அப்படித்தான்
வீட்டுக் கிரைண்டரை வாய்மூட வைத்தான்.
மாவு வழிக்கப் போன அவன் பெண்சாதிக்கு
மோதிர விரல் இன்றுவரை மடங்கவில்லை.
தேசப்பனுக்கும் அது தெரியும்.
சொல்லிவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

பழைய ரேடியோவிலிருந்து தீப்பெட்டி அளவு இரும்புத் தகடுகள்.
தலைமுடியை விட மெல்லிய ஒயர்.
எனக்குத் தெரிந்த ஒரே வேலை, சுற்றுவது.
ரெண்டு தரம் அறுந்தது.
எண்ணூறுக்கு மேல் எண்ணிக்கை தவறியது,
கரண்டு பில் கட்ட யாரோ சில்லறை கேட்டதில்.
மறுபக்கத்தைக் குத்துமதிப்பாகச் சுற்றினேன்.
நடுவில் ஒரு காகிதம்.
இந்தச் சுற்று அந்தச் சுற்றைத் தொடாது.
சத்தம் மட்டும் தாண்டும்.
ஷீல்டை என் பக்கம் கட்டி,
அவன் பக்கம் வெட்டிவிட்டேன்.

ஸ்விட்சைப் போட்டோம்.
ஒன்றுமில்லை.
தேசப்பன் பதறி ஃபியூஸைப் பார்த்தான்.
ஃபியூஸ் நன்றாக இருந்தது.
கொட்டகை ஓட்டில் பல்லி நகர்வதுகூடக் கேட்டது.

திருகைத் திருப்பினேன்.
எருமை குட்டையில் இறங்குவதுபோல்
அடியில் ஒரு சத்தம்.
நாய் எழுந்துபோய்க் கல்லுக்குப் பக்கத்தில் நின்றது,
எந்தப் பக்கம் குரைப்பதென்று தெரியாமல்.

"சுருதி ஏறுதே?"

ஏறத்தான் செய்தது.
ஆசிலேட்டர் சூடாகி நழுவுகிறது.
அது வேறு கோளாறு.
காலையில் ரெண்டு மோட்டார் கொடுக்கவேண்டும்.
ஈயம் வைக்கும் கம்பியைத் துடைத்து வைத்தேன்.